வானவழி ஆற்றுப்படை

பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் வகையின. அவற்றுள் முருகனிடத்து ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கும், வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீள்பவர், பரிசில் நாடிச் செல்வாரை வழியில் எதிர்ப்பட்டு, அவர்க்கு வழி கூறும் முறையில் அமைந்தன. இந்த நிலத்தைக் கடந்தால் இன்னாரைக் காண்பீர். அவர் இன்ன உணவு தருவர். இவ்விடத்தில் இரவைக் கழியுங்கள். அவ்விடத்திற் கால் வழுக்கும் என்றெல்லாம் அவர் சொல்லிச் செல்வர். நெய்தலிற் சுட்ட மீனும் மருதத்தில் வெண்சோற்றோடு நண்டும் கிடைக்கும் என்று சிறுபாணாற்றுப்படை உணவு விவரமே தந்துவிடுகின்றது. மலைபடுகடாமோ பன்றிக்கு வைத்த பொறியையும் பாம்பு ஒடுங்கும் குழியையும் காட்டி எச்சரிக்கின்றது.

இப்பாட்டுக்களைக் கற்பிக்குங்கால், இக்காலத்திலும் இவ்வாறு ஒருவர்க்கொருவர் வழி சொல்வார் உளரோ என்ற வினா வகுப்பிலே எழுவதுண்டு. உளர் என்பதே எம் விடை. நாடு விட்டு நாடு பறக்கும் விமானங்களிலே கடமையாற்றும் விமானிகளும் பணியாளருமே அவர். ஒரு விமானம் நெடுந்தூரம் பறந்து அயல்நகர் ஒன்றில் இறங்கியதும், அதிற் பணிசெய்து வந்தோர் உடனே திரும்புவதில்லை. வேறொரு குழுவினர் அதனை ஏற்றுச் செல்ல, வந்தவர்கள் அந்நகரிலே ஓர் இரவோ, ஒரு பகலும் ஓர் இரவுமோ தங்கிப் பின் வரும் விமானமொன்றை ஏற்று மீள்வர். இதனை அத்தொழிலிலுள்ளோர் ‘லேஓவர்’ என்பர். தமிழில் இடைத்தங்கல் என யாம் வழங்குவாம். இவ்விடைத்தங்கலில் எங்கே உண்பது, எதனைக் குடிப்பது, எதனைப் பார்ப்பது என்பன பற்றி முன்சென்றவர் பின்செல்வார்க்குச் சொல்லும் செய்திகள் ஏராளம். தங்குமிடத்துக்குச் செல்லும் பஸ்ஸிலும், விமானத்துச் சமையற்கூடத்தின் திரைக்குப் பின்னும் அவை வாய்மொழியாக வழங்குகின்றன. எம்மிடம் பயின்று இன்று அத்தொழிலில் இருக்கும் பழைய மாணவர் சிலர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கூறியவற்றையும், யாம் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகின்றோம். அத்தொழிலை நாடும் மாணவர்க்கு மட்டுமன்றி, மக்களைக் காணக் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பறந்து திரியும் பழைய மாணவர்க்கும் இவை பயன்படலாம்.

மேல்வகுப்பு மாணவர் பலர்க்கு இத்தொழில் சம்பளத்தோடு கூடிய உலகச் சுற்றுலாவாகவே தோன்றுகின்றது. இன்று இலண்டன், நாளை மறுநாள் டோக்கியோ, தங்குவதற்கு உயர்ந்த ஹோட்டல் என்றால் யாருக்குத்தான் ஆசை பிறவாது? ஆயினும், சட்டத்தின் நோக்கில் இடைத்தங்கல் என்பது அடுத்த பறப்புக்கு உடலையும் அறிவையும் ஆயத்தஞ் செய்தற்காக வகுக்கப்பட்ட ஓய்வுக் காலமாகும். அமெரிக்காவிலே விமானப் பணியாளருக்கு 9 மணித்தியால ஓய்வு போதும் என்றிருந்த விதி 2022 இல் 10 மணித்தியாலமாக உயர்த்தப்பட்டது. ஐரோப்பிய விதியோ, வெளியூரில் தங்குவோர்க்கு, அவர் முன்செய்த கடமை எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம், அல்லது 10 மணித்தியாலம், இவ்விரண்டில் எது பெரிதோ அதனை ஓய்வாகக் கொடுத்தல் வேண்டும் என்றும், அதனுள் 8 மணித்தியாலம் உறங்குதற்கு வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்றும் கூறும்.

இனி, கணக்கைப் பாருங்கள். இருபத்துநான்கு மணித்தியால இடைத்தங்கல் ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இரவு முழுவதும் விழித்துப் பறந்து காலையில் இறங்கியவன், குடிவரவுச் சோதனை முடித்து, பஸ்ஸேறி, அறை சேர்ந்து, குளித்துப் படுக்கையில் விழுந்தால், நான்கைந்து மணித்தியாலமேனும் உறங்காமல் எழான். மறுநாட் கடமைக்கு முன்னர் மீண்டும் ஓர் உறக்கம் வேண்டும். உடை தேய்த்தல், புறப்படும் ஆயத்தம் என்பவற்றையும் கழித்தால், ஊர் பார்க்க எஞ்சுவது ஆறு ஏழு மணித்தியாலமே. அதனையும் வேண்டாமென்று, அறைக்குள் நுழைந்து கதவை அடைத்துத் தாழிட்டால் மறுநாள் பஸ் வரும்வரை வெளியே தலைகாட்டாதவரும் உளர். கதவு அறையும் ஓசையையும் தாழ் விழும் ஓசையையும் சேர்த்து அத்தகையோருக்கு ‘ஸ்லாம் கிளிக்கர்’ என்று சகபணியாளர் பெயரிட்டிருக்கின்றனர். கேலிப்பெயர்தான், எனினும் நீண்டகாலம் நோயின்றி இத்தொழிலில் நிலைத்தோருள் அவர் பலர் என்று எம் மாணவர் ஒருவர் கூறினார்.

உறக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. மூளையின் அடிப்பாகத்திலே, இரு கண்களினின்றும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியளவான நரம்புத் திரள் ஒரு சோடி உண்டு. உடலின் கடிகாரம் அதுவே. கண்ணிற் படும் ஒளியைக் கொண்டு அது நாடோறும் தன்னைத் திருத்திக் கொள்கின்றது. எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடற்சூடு தணிய வேண்டும், எப்போது துயில் வரவேண்டும் என்பனவெல்லாம் அதன் ஆணையின்படியே நடப்பன. உயிரணுவுக்குள் இக்கடிகாரம் இயங்கும் முறையைப் பழ ஈக்களைக் கொண்டு ஆராய்ந்து கண்ட அமெரிக்க அறிஞர் மூவர்க்கு 2017 இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. விமானம் சில மணித்தியாலத்தில் பல நேர வலயங்களைக் கடந்துவிடும். இக்கடிகாரமோ ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே நகரும். மேற்கே சென்றால் பொழுது நீள்வதால் எளிதிற் பொருந்தும். கிழக்கே சென்றால் பொழுது குறுகுவதாற் பெரிதும் வருத்தும். ஆதலின், ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்ற நிலையிலே இருப்பதிலும், குறுகிய இடைத்தங்கலில் ஊர் நேரத்தைக் கைவிடாது, தம் வீட்டுக் கடிகாரப்படியே உண்டு உறங்குதல் நன்று என்பது பழகினோர் துணிபு. கொழும்பிலிருந்து யப்பான் செல்வோர்க்கு வேறுபாடு மூன்றரை மணித்தியாலமே ஆதலின் இது கைகூடும். இலண்டனுக்கும் கொழும்புக்கும் மாரியில் ஐந்தரை, கோடையில் நாலரை.

உடற்கடிகாரம் ஒரு விமானத்தைக் காத்த கதை ஒன்று உண்டு. அது 1975 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிகழ்ந்தது. அந்நாளிலே சோவியத் நாட்டின் வான்பரப்பு பிறநாட்டு விமானங்களுக்குப் பெரிதும் மூடப்பட்டிருந்தமையால், யப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் விமானங்கள் பல வடதுருவத்தை ஒட்டிச் சென்றன. இடையே அலாஸ்காவின் அங்கரேஜ் நகரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. டோக்கியோவிலிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்ட யப்பானிய விமானம் ஒன்று 344 பயணிகளோடு அவ்வாறே அங்கரேஜில் தங்கிப் பின் கொப்பன்கேகனை நோக்கிப் பறந்தது. இறங்குவதற்குச் சற்று முன்னர்ப் பயணிகளுக்குக் காலை உணவாகப் பன்றித் தொடைக்கறி சேர்த்த ஒம்லெட் பரிமாறப்பட்டது. ஒரு மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றுளைவும் தொடங்கின. ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர். 140 பேருக்கு மேல் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர். அங்கரேஜிலே அவ்வுணவை ஆக்கிய சமையற்காரர் ஒருவரின் விரலிலே சீழ்கொண்ட புண் இருந்தது. அதிலிருந்த ஸ்டாபிலொகொக்கஸ் என்னும் நுண்கிருமி உணவிற் புகுந்தது. போதிய குளிரூட்டலின்றிப் பல மணித்தியாலம் வைக்கப்பட்ட அவ்வுணவிலே கிருமி பெருகி நஞ்சைக் கக்கியது. விமானத்திலே உணவைச் சூடாக்கித்தான் கொடுத்தனர். ஆனால் அந்நஞ்சு சூட்டால் அழிவதன்று.

விமானிகள் அந்த ஒம்லெட்டை உண்ணவில்லை. அவர்களுடைய உடற்கடிகாரம் அலாஸ்கா நேரத்தில் இருந்தது; பயணிகளுக்குக் காலையாயிருந்த பொழுது அவர்களுக்கு இராச்சாப்பாட்டு நேரம். ஆகையால் வேறு உணவை உண்டனர். விமானமும் நலமே இறங்கியது. அவர்களும் காலைப் பசியோடு இருந்திருந்தால் என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விமானியும் துணைவிமானியும் ஒரே உணவை உண்ணலாகாது என்னும் முறையைப் பல நிறுவனங்கள் கைக்கொள்வது இதனாலேதான். விழிப்புள்ள விமானிகள் இடைத்தங்கலின்போது ஒரே மேசையில் இருந்து உண்டாலும் ஒரே பாத்திரத்திலிருந்து உண்ணார்; அதிலும் சிப்பி, பச்சை மீன் முதலியவற்றைப் புறப்படும் நாளுக்கு முன்னாள் இருவரும் தொடார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து சாதாரணப் பயணியும் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. ‘சூடாக இருக்கிறது, ஆகவே தீங்கில்லை’ என்று நம்மவர் எண்ணுவர். ஆக்கியவுடன் சூடாக இருப்பது வேறு. ஆறிக் கிடந்து மீளச் சூடாக்கப்படுவது வேறு. ஹோட்டல்களிலே நீண்ட மேசையில் நாற்பது வகை உணவைப் பரப்பி, அடியில் மெல்லிய சுடர் ஏற்றி, வேண்டியதை எடுத்துண்ண விடும் இடத்திலும் பார்க்க, தெருவோரத்திலே கண்முன் கொதிக்கும் சட்டியிலிருந்து எடுத்துத் தரும் கடை பல வேளைகளில் நம்பத்தக்கது. ஊரவர் கூட்டமாக நின்று வாங்கும் கடையாயின் இன்னும் நன்று. அங்கே எதுவும் ஆறிக் கிடக்க நேரமில்லை. நீரின் தூய்மை ஐயத்துக்கு இடமான ஊர்களில் கொதித்தாறிய நீர், அல்லது மூடி உடையாத போத்தல் நீர். பல் துலக்கவும் அதுவே. நீரை விலக்கியவர் பனிக்கட்டியை மறந்துவிடுவர். அதுவும் அதே நீர்தானே! வெட்டி வைத்த பழமும் பச்சிலைக் கலவையும் அவ்வாறே கழுவிய நீரின் குற்றத்தைச் சுமந்து வருவன. வாழைப்பழம், தோடம்பழம் போலத் தாமே தோலுரித்து உண்பனவற்றுக்கு அக்குற்றமில்லை.

இன்னொன்று பௌதிகம் பயிலும் மாணவர்க்கு உரியது. விமானத்தினுள் இருக்கும் காற்று தரைமட்டத்துக் காற்றின் அமுக்கத்தில் இருப்பதில்லை. விமானம் 35,000 அடியிற் பறக்கும்போது, உட்புறம் 6,000 முதல் 8,000 அடி வரை உயர்ந்த மலையொன்றன்மேல் இருப்பது போன்ற நிலையில் வைக்கப்படுகின்றது. நுவரெலியாவின் உயரமும் அதன்பாற் பட்டதே. 8,000 அடியில் அமுக்கம் தரைமட்டத்ததில் ஏறத்தாழ முக்காற்பங்கு. போயிலின் விதிப்படி, அங்கே வாயுவின் பருமன் மூன்றிலொரு பங்கு பெருகும். வயிற்றிலுள்ள வாயுவும் அவ்விதிக்கு விலக்கன்று! கடலை, பயறு, முட்டைக்கோவா, வாயு நிறைந்த இனிப்புப் பானங்கள் ஆகியவற்றைப் பறப்புக்கு முன்னர்ப் பணியாளர் விலக்குவது இதனாலேயே. சளி பிடித்து காதடைத்திருக்கும்போது பறத்தலாகாது என்பதற்கும் காரணம் இதுவே. அடைபட்ட காற்று வெளியேற வழியின்றிச் செவிப்பறையை நோகச் செய்யும்.

குடியைப் பற்றிச் சொல்லாது விடலாமென்று எண்ணினோம். இந்துக் கல்லூரி மலரிலே சாராயத்துக்கு என்ன வேலை என்று மூத்தோர் கேட்கக்கூடும். ஆனால் இடைத்தங்கலின் இடர்களுள் முதலாவது அதுவேயாதலின் விடல் இயலாது. தனிமை, களைப்பு, நடுச்சாமத்தில் உறக்கமின்மை, கையிலே படிப்பணம், அறிந்தவர் எவருமில்லாத ஊர் ஆகிய ஐந்தும் ஒருங்கு கூடினால் எத்தகையோனும் சறுக்கக்கூடும். அமெரிக்க விதி, கடமைக்கு முன்னைய 8 மணித்தியாலத்துள் மது அருந்துதலை விலக்குகின்றது. இந்திய விதி 12 மணித்தியாலம். இங்கிலாந்திலே, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விமானியின் குருதியில் 100 மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருத்தலாகாது. அந்நாட்டிலே மோட்டார் வண்டி ஓட்டுவோர்க்கு இவ்வெல்லை 80.

2018 ஒக்ரோபரில் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலே, டோக்கியோவுக்குப் புறப்படவிருந்த விமானம் ஒன்றின் துணைவிமானி பொலிசாராற் பிடிக்கப்பட்டார். அவருடைய குருதியில் 189 மில்லிகிராம் இருந்தது. விதித்த எல்லையிலும் ஒன்பது மடங்குக்கு மேல். அவரைக் கண்டு ஐயுற்றவர் பணியாளரை ஏற்றிச் சென்ற பஸ்ஸின் சாரதி. நீதிமன்று 10 மாதச் சிறை விதித்தது. ‘எட்டு மணித்தியாலம் கழிந்துவிட்டதே’ என்னும் கணக்கு ஏன் பொய்க்கும் என்பதற்கும் இதுவே சான்று. உடல் ஒரு மணித்தியாலத்தில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராமையே கழிக்கவல்லது. கோப்பி குடித்தாலும் குளிர்ந்த நீரில் முழுகினாலும் அவ்வளவு விரைவே. 189 ஐ 15 ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் வரும். அன்றியும், மது உறக்கத்தைத் தருவது போற் காட்டி, இரவின் பிற்பாதியில் அதனைக் கெடுக்கும். கோப்பி மதுவன்று எனினும், அதனையும் எண்ணியே குடித்தல் வேண்டும். குடித்த கோப்பியின் வேகத்திற் பாதி, ஐந்து மணித்தியாலத்தின் பின்னும் உடலில் எஞ்சியிருக்கும்.

ஊர் பார்த்தலில் சில சிறு செய்திகள். இலங்கை, இங்கிலாந்து, யப்பான் ஆகிய நாடுகளில் வண்டிகள் தெருவின் இடப்பக்கத்தாற் செல்வன. ஐரோப்பியப் பெருநிலத்திலும் அமெரிக்காவிலும் வலப்பக்கம். உறக்கக் கண்ணோடு தெருவைக் கடக்கும் நம்மவன், வண்டி வாராத திசையைப் பார்த்துக்கொண்டு வரும் திசையில் அடி வைப்பான். இதனைச் சிறிதென்று கொள்ளற்க. அமெரிக்க உணவுச்சாலைகளில் விலையின்மேல் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை பரிமாறுபவர்க்கு வைத்தல் வழக்கம். யப்பானிலே வைத்தால், மறந்து விட்டுவிட்டீர் என்று எண்ணித் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பர். மாலைதீவு போன்ற தீவுகளில் தங்குவோர் காற்றுக்கலன் கட்டிக் கடலுள் மூழ்குதலை விலக்குவர். ஆழத்தின் அமுக்கத்திற் குருதியிற் கரைந்த நைதரசன், உடனே உயரப் பறந்தாற் குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுக்களையும் நரம்பையும் தாக்கும். பல நாள் மூழ்கிய சாதாரணப் பயணிகளுக்கும், பறப்பதற்கு முன் 18 மணித்தியாலமாவது கழிதல் வேண்டுமென்று மூழ்குவோர் நலங் காப்போர் கூறுவர்.

பொதுவாக இவ்வளவே கூறி, ஓர் ஊரை மட்டும் சற்று விரித்துக் காட்டுவாம். அது யப்பானிலுள்ள நரிட்டா. டோக்கியோவின் பெரிய பன்னாட்டு விமான நிலையம் 1978 இல் அங்கே திறக்கப்பட்டது. தலைநகரிலிருந்து அது ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவு. விரைவுப் புகைவண்டியில் ஏறினால் நகரிலுள்ள நிப்போரி நிலையத்தை நாற்பது நிமிடத்துக்குள் அடையலாம். புதிதாகச் செல்லும் பணியாளர் அனைவரும் அவ்வண்டியை நாடி ஓடுவர். மூத்தோர் தடுப்பர். போகவும் வரவும், நிலையத்துள் வழி தேடவும், நெரிசலில் நிற்கவும் பாதிப் பொழுது கழியும். அதிலும் வழி தவறினால் உறக்கம் போகும். நரிட்டா ஊருக்குள்ளேயே ஆயிரமாண்டு பழைமையான கோயில் இருக்க, டோக்கியோவின் கடைத்தெரு எதற்கு என்பது அவர் வாதம். எமக்கும் அதுவே உடன்பாடு.

புகைவண்டி நிலையத்திலிருந்து அக்கோயில் வரை ‘ஒமொத்தெசாண்டோ’ என்னும் பழந்தெரு ஏறத்தாழ 800 மீற்றர் வளைந்து செல்கின்றது. இருபுறமும் மரவீடுகளும் கடைகளும். அத்தெருவுக்குப் பேர்பெற்ற உணவு விலாங்கு மீன். கடை வாயிலிலேயே அதனை முதுகுப்புறமாகக் கீறி, ஈர்க்கிற் கோத்து, ஆவியில் அவித்து, இனிப்புச் சேர்ந்த சோயாக் குழம்பிலே தோய்த்துக் கரிநெருப்பில் வாட்டிச் சோற்றின்மேல் வைத்துத் தருவர். மீனுண்போர்க்கு அதனிலும் பாதுகாப்பான உணவு கிடைப்பதரிது. எல்லாம் கண்முன் நடப்பது. சைவ உணவினர் நிலைதான் சங்கடம். யப்பானியர் சூப்புக்கும் குழம்புக்கும் அடிச்சாறாக ஊற்றுவது ‘தாஷி’ என்னும் நீர். அதனை ‘கட்சுவோபுஷி’ என்னும் உலர்ந்த மீனைச் சீவிப் பெறுவர். அது வேறொன்றுமன்று, நம்மூரிற் சம்பலுக்கு இடிக்கும் மாசியின் உடன்பிறப்பு. ஆகையால் மரக்கறி மட்டுமே மிதக்கும் சூப்பும் சைவமன்று. இறைச்சி உண்டோ என்று வினவினால் இல்லை என்று உண்மையாகவே சொல்வர். மாசிநீர் உண்டோ என்று வினவ வேண்டும்.

அத்தகையோர்க்கு எம் மாணவர் கண்ட வழி, நாள் முழுதும் திறந்திருக்கும் சிறுகடைகள். அங்கே ‘ஒனிகிரி’ என்னும் முக்கோணச் சோற்றுக்கவளம் கிடைக்கும். உப்பிலிட்ட பிளம்பழத்தை உள்ளே வைத்தது பெரும்பாலும் சைவம். நம் ஊறுகாய்ச் சோற்றை நினைவூட்டும். தெருவிலே மற்றொன்று நரிட்டாவுக்கே உரிய ‘யோகன்’ என்னும் இனிப்பு. செம்பயற்று மா, சீனி, கடற்பாசிக் கூழ் ஆகியவற்றைக் காய்ச்சி, கஸ்தான் கொட்டை பதித்து, கட்டியாக்கித் துண்டிடுவர். தோற்றத்தில் நமது தொதலை ஒக்கும், எண்ணெய் இல்லை. பயற்றைப் பற்றி மேலே கூறியதை மறவாது, ஒரு துண்டோடு நிறுத்துதல் நன்று. குழாய் நீரை அந்நாட்டில் அஞ்சாது குடிக்கலாம். உணவுக்குச்சிகளைச் சோற்றிலே செங்குத்தாக நட்டு வைத்தலாகாது. அது இறந்தவர்க்குப் படைக்கும் முறை. நம்மூரிலே எள்ளும் தண்ணீரும் இறைக்கும் கையை விருந்தில் எவரேனும் காட்டினால் எப்படியோ, அப்படி.

கோயிலின் பெயர் ஷின்ஷோஜி. 940 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதென்பர். அங்குள்ள மூன்றடுக்குக் கோபுரம் 1712 இற் கட்டப்பட்டது. நுழைவதற்குக் கட்டணம் இல்லை. மூலமூர்த்தி ‘புடோ மியோஓ’. வலக்கையில் வாளும் இடக்கையிற் கயிறும் தாங்கித் தீப்பிழம்பின் நடுவே வீற்றிருப்பவர். ‘புடோ’ என்பதற்கு அசையாதவர் என்பது பொருள். வடமொழியில் அவர் பெயர் அசலர். நாடோறும் பலமுறை அவர்முன் தீ வளர்த்து மந்திரம் ஓதி, மரச்சுள்ளிகளை ஆகுதியாக இடுகின்றனர். அச்சடங்கின் பெயர் ‘கோமா’. ஓமம் என்னும் சொல்லே சீனம் சென்று, அங்கிருந்து யப்பான் சேர்ந்து, கோமாவாயிற்று! பெருமுரசு அதிர, தீ மேலெழ, வழிபடுவோர் தம் கைப்பைகளைக் குருமாரிடங் கொடுத்து அத்தீயிற் காட்டி வாங்குவர். புது மோட்டார் வண்டிக்குப் பூசை செய்விக்கும் வழக்கமும் அக்கோயிலில் உண்டு. நம்மவர்க்கு அங்கே அந்நியமாகத் தோன்றுவது சிறிதே.

இவ்வோமம் அங்கே சென்ற வழியையும் சொல்லிவிடுதல் தகும். கூகை என்னும் யப்பானியத் துறவி 804 இல் சீனஞ் சென்று, 806 இல் இச்சமயமுறையைத் தம் நாட்டுக்குக் கொணர்ந்தார். அவருடைய ஆசிரியரின் ஆசிரியர் அமோகவச்சிரர். அமோகவச்சிரரின் ஆசிரியர் வச்சிரபோதி. காஞ்சியோடும் இலங்கையோடும் தொடர்புடையவராகச் சீன நூல்கள் கூறும் வச்சிரபோதி, எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கடல்வழியே சீனம் சேர்ந்தார். ஆசிரியர் மறைந்தபின் அமோகவச்சிரரும் இலங்கைக்கு வந்து சில ஆண்டு தங்கி, நூல்கள் பல திரட்டிக்கொண்டு மீண்டார். பருவக்காற்றை எதிர்பார்த்துத் துறைமுகங்களில் மாதக்கணக்காகக் காத்திருந்த காலம் அது. அவர்கள் இடைத்தங்கலிலே மொழி கற்றார்கள், நூல் படியெடுத்தார்கள். இன்றைய பணியாளனுக்கு அவ்வளவு பொழுது ஏது? கொழும்பிலிருந்து ஒன்பது மணித்தியாலத்திற் சென்று சேர்ந்து, அவ்வழியின் மறுமுனையில் எரியும் தீயை அரைமணி நேரம் நின்று பார்க்கிறான்.

கோயிலின் பின்னே குளங்களும் மரச்சோலையும் கொண்ட பெரிய பூந்தோட்டம் உண்டு. பகலொளியிலே அதிற் சற்று உலாவினால் உடற்கடிகாரத்துக்கும் நன்று. ஆனால் பஸ் புறப்படும் நேரத்தை மறத்தலாகாது. ஹோட்டலிலிருந்து எழுப்பும்படி சொல்லி வைத்ததோடு தம் கைபேசியிலும் ஒரு மணி வைத்துக்கொள்ளுதல் பணியாளர் வழக்கம். ஒன்று தவறினாலும் ஒன்று எழுப்பும். ஒமொத்தெசாண்டோத் தெரு நிலையத்திலிருந்து கோயிலை நோக்கி இறங்கிச் செல்வது. போகும்போது கால்கள் தாமே நடக்கும், திரும்பும்போது ஏற்றம். அதற்கென்று கால்மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளும்படி முன்சென்றவர் சொல்வர்.